கேட்டில் முதலில் நிற்கும் வண்டி

அவளுடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதியும் விடுவேன். ஆனால் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிற அளவுக்கு மனசு இன்னும் விரியவில்லை. கூடவே ரயிலில் வந்த இரண்டரை வருடத்தில் ஒருநாளும் அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள் என்பதால் எங்களுக்கு அவள் 'மெடிக்கல்'. அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான். கேலியாகத்தான் வைத்தேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நானும் இசக்கியும் ஆழ்வார்திருநகரியில் ஒரே தெரு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சுண்டுவிரலோடு சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டுதான் நடப்போம். நான் இங்கிலீஷ் எம்.ஏ. படித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் பாடம் எடுத்தேன். அவள் பரீட்சை எழுதி அதே ஊரில் அரசு அலுவலகத்தில் கிளார்க் ஆனாள். இருவருக்கும் சீசன் டிக்கெட். காலையில் திருச்செந்தூரிலிருந்து வருகிற பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் பாளையங்கோட்டையில் இறங்குகிற வரைக்கும் வாய் ஓயாது.

இசக்கியின் அம்மா தவறியபோது அந்த வாய் ஓய்ந்தது. ஒரு மாதம் போல சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தாள். கழுத்தில் அம்மாவின் செயின் கிடக்கும். அதன் கொக்கியைத் திருகிக்கொண்டே இருப்பாள். அவளைப் பேச வைப்பதற்காக நான் கண்டுபிடித்ததுதான் அந்த விளையாட்டு. இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் யாரும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டு இதுதான். ரயில் ஒரு கேட்டைத் தாண்டும்போது கேட்டுக் கம்பியில் மூக்கை முட்டிக்கொண்டு முதலில் எந்த வண்டி நிற்கிறதோ, அதன் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். TN என்பதையும் ஊர் எண்ணையும் விட்டுவிடலாம். அதற்கு அடுத்து வரும் இரண்டு இங்கிலீஷ் எழுத்துதான் கணக்கு. கடைசி நாலு நம்பரைப் பார்க்கவே கூடாது. ரயில் தாண்டுகிற இரண்டு நொடியில் அதையும் பார்க்கப் போனால் எழுத்து தப்பிவிடும். அந்த இரண்டு எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஓர் இங்கிலீஷ் சொல்லை அடுத்த கேட் வருவதற்குள் சொல்ல வேண்டும். இடையில் வேறு எழுத்து எத்தனை வந்தாலும் பரவாயில்லை. BK என்றால் புக் சரி, பேக்கரியும் சரி. ஆளுக்கு ஒரு சொல். நீளமான சொல்லுக்கு வெற்றி. ஜெயித்தவளுக்குச் சாயங்கால ரயிலில் சன்னலோர இடம்.

அந்தப் பேக்கரியைச் சொன்னது இசக்கிதான். அம்மா போனபிறகு அன்றைக்குத்தான் முதலில் சிரித்தாள். அன்றைக்கு நான் பிளாக்போர்டு சொல்லி ஜெயித்தேன். மறுநாளும் நான்தான். அதற்கு மறுநாளும் நான்தான். எம்.ஏ. படித்தது வேறு எதற்கு.

மெடிக்கல் ஏறியது ஸ்ரீவைகுண்டத்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு, பாலத்தில் நடந்து வந்து ஏறுவாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் பச்சை மூடி போட்ட தண்ணீர் பாட்டில். எங்களுக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு வாரம் சும்மா கேட்டுக்கொண்டு வந்தாள். இசக்கிக்கு யாரும் சும்மா இருக்கக் கூடாது. நீயும் சொல்லேன் என்று ஒருநாள் கூப்பிட்டுவிட்டாள். அன்றைக்கும் BK தான் வந்தது. நான் பழைய பிளாக்போர்டையே சொல்லிவிட்டு வெற்றியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அந்தப் பிள்ளை கொஞ்சம் வெளியே பார்த்தாள், பாட்டில் மூடியைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள், பிறகு "பிரேக்த்ரூ வரலாமா, டீச்சர்?" என்றாள்.

எண்ணிப் பார்த்தோம். எனக்குப் பத்து எழுத்து. அவளுக்குப் பன்னிரண்டு.

கல்லூரியில் என்னை மேடம் என்பார்கள். இவள் மட்டும் டீச்சர் என்றாள். இசக்கி முதல் நாளே அக்காவாகிவிட்டாள். நான் கடைசிவரை டீச்சர்தான்.

எங்கே படித்தாய் இந்தச் சொல்லை என்று கேட்டேன். மருந்துப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் அச்சடித்து எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, அதில் என்றாள். வாங்குகிறவர்கள் யாரும் அதைப் பிரிப்பதில்லை. கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் இவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பாளாம். படித்துவிட்டு அதே மடிப்பில் மடித்துத் திரும்ப வைத்துவிடுவாளாம். அந்தத் தாள்களில் சின்னச் சொல்லே கிடையாது. ஆக, உலகத்து வியாதி எல்லாம் சேர்ந்து அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்தது காதலும் மழையும் ரோஜாவும். எல்லாம் நாலெழுத்து, ஐந்தெழுத்து. நான் எங்கே போய் முட்டிக்கொள்ள.

அவளிடம் எனக்கு ஆகாத விஷயம் அவளுடைய அறிவு இல்லை. அறிவாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அவசரமே இல்லாததுதான் ஆகவில்லை. சொல் கிடைத்தால் எல்லோரும் வாயைத் திறப்பார்கள். அவள் பாட்டிலைத் திறப்பாள். 'டக்' என்று அந்தப் பச்சை மூடி சத்தம் கேட்டால் அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நான் இன்னும் எழுத்தை மனசில் உருட்டிக்கொண்டிருப்பேன், அவள் தண்ணீர் குடித்துவிட்டு வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வருவாள். இப்போதும் எங்காவது பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சில் ஒரு இடி இறங்கும்.

அவளுக்கு ராத்திரி எட்டு மணிவரை கடை. சாயங்கால ரயிலுக்கு வரமாட்டாள், கடைசி பஸ்தான். அதனால் ஜெயித்த சன்னலோர இடத்தை இசக்கிக்குக் கொடுத்துவிடுவாள். சாயங்காலம் அந்த இடத்தில் இசக்கி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் என்னிடம் அவளைப் பற்றியே பேசுவாள். அந்தப் பிள்ளைக்கு எத்தனை பொறுமை, டாக்டர் கிறுக்கியதை எப்படிப் படிக்கிறாள், என் அத்தைக்கு மாத்திரையின் நிறத்தைச் சொல்லியே வேளை பிரித்துக் கொடுத்துவிட்டாள் என்று ஆழ்வார்திருநகரி வரும்வரை. ஒருநாள் எனக்குத் தலைவலி என்று தெரிந்து மெடிக்கல் மறுநாள் காலையில் ஒரு மாத்திரை கொண்டு வந்து கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சன்னல் வழியே போட்டுவிட்டேன். தலைவலி அதுபாட்டுக்கு இருந்தது. வயிற்றெரிச்சலுக்கு அவள் கடையிலும் மருந்து இருந்திருக்காது.

ஒரு மாதம் தோற்றபிறகு நான் ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தேன். சொல்லுகிறவள் அர்த்தமும் சொல்ல வேண்டும். விளையாட்டைக் கண்டுபிடித்தவளுக்குச் சட்டம் போட உரிமை உண்டுதானே. இசக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மெடிக்கல் சரி டீச்சர் என்றாள்.

அன்றைக்கு தாதன்குளம் பக்கம் வந்த எழுத்து AD. நான் கிராஜுவேஷன் சொன்னேன், பட்டம் பெறுதல் என்று அர்த்தமும் சொன்னேன். டக் என்று மூடி திறந்தது. அவள் சொன்னது கான்ட்ரா இண்டிகேஷன். பதினாறு எழுத்து. அர்த்தம், என்றேன் நான், வகுப்பில் கேட்கிற குரலில்.

"மருந்து நல்ல மருந்துதான் டீச்சர். ஆனா இந்த ஆளுக்கு ஒத்துக்கிடாது, குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்றாள்.

அகராதியைப் பார்த்தால்கூட இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் கண்ணில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்ததா இல்லையா என்று அன்று முழுதும் யோசித்தேன். பி.ஏ. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தின பாடத்தையே இரண்டாவது தடவை நடத்திவிட்டு வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு மறுநாளிலிருந்து நான் மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தேன். என் சட்டம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். மூடிச் சத்தம் கேட்கும். ஆனால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் காத்திருப்பாள். பிறகு சொல்லுவாள். என்னுடையது எட்டு எழுத்து என்றால் அவளுடையது ஏழு. என்னுடையது பத்து என்றால் அவளுடையது ஒன்பது. "ஒரு எழுத்துல விட்டுட்டேன் டீச்சர்" என்று சிரிப்பாள். சன்னலோர இடம் எனக்குத் திரும்பி வந்தது. எனக்கு அவளை லேசாகப் பிடிக்கக்கூடத் தொடங்கியது. ஒருதடவை என் டிபன் டப்பாவிலிருந்து ஓர் இட்லி எடுத்துக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த மருந்துக் கவர் விழுந்தது. மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, உள்ளங்கை அளவு பழுப்புக் காகித உறை. பாளையங்கோட்டையில் இறங்குகிற அவசரத்தில் அவள் பையிலிருந்து என் காலடியில் விழுந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன். பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. AG என்று போட்டு, நான் அன்றைக்கு ஜெயித்த லாங்வேஜ். அதற்குக் கீழே கோஆகுலேஷன், பதினொன்று. BL என்று போட்டு, நான் ஜெயித்த பிராப்ளம். அதற்குக் கீழே மெட்டபாலிசம், பத்து. AC-க்கு நான் சொன்ன ஆக்சிடென்ட்டுக்குக் கீழே பதின்மூன்று எழுத்தில் ஒரு ஊசியின் பெயரோ என்னவோ. இரண்டு மாதத்து வெற்றியும் வரிசையாக அந்தக் கவரில் இருந்தது. ஒன்றுகூட என்னுடையது இல்லை.

சாயங்காலம் ரயிலில் இசக்கியிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அவதான் சொல்லாதியன்னா. டீச்சருக்குத் தோக்குறது ஒத்துக்கிடாதுக்கா, ஆளுக்குத் தக்கனதான் டோஸ் குடுக்கணும்னா" என்றாள் இசக்கி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லதுக்குத்தானட்டி செஞ்சா" என்று சேர்த்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியாத ஓர் இரகசியம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்திருக்கிறது. அதுவும் என்னைப் பற்றி. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்பாத குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் பயணம் செய்கிற அரைக்குடத்தின் பாட்டைப் பற்றிப் பழமொழி எதுவும் இல்லை. நான் கவரைக் கிழிக்கவில்லை. அவளிடமே கொடுத்துவிட்டேன், ஒன்றும் படிக்காதவள் மாதிரி. அவளும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். விளையாட்டு தொடர்ந்து நடந்தது. நான் தினமும் ஜெயித்தேன். ஒவ்வொரு வெற்றியும் கசப்பு மாத்திரை மாதிரி நாக்கில் ஒட்டியது.

அப்படி ஒரு காலையில்தான் இசக்கியின் செயின் போயிற்று.

பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ரோட்டுக்கு வந்தோம். அவர்கள் இருவரும் முன்னால், நான் இரண்டடி பின்னால். என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். எதிரே வந்த ஒரு மோட்டார் சைக்கிள் இசக்கியை உரசிக்கொண்டு போனது. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கத்தக்கூட இல்லை. "அம்மா செயின்" என்று மட்டும் சொன்னாள், மெதுவாக, கீழே விழுந்ததைத் தேடுகிறவள் மாதிரி. வண்டி அதற்குள் வளைவில் திரும்பிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா வண்டி நம்பர் கேட்டார். தினமும் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு வருகிற மூன்று பெண்கள். ஒருத்திக்கும் நம்பர் தெரியவில்லை. எழுத்து மட்டும்தான் பார்ப்போம் என்று இசக்கி அழுகைக்கு நடுவே சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது என்ன, எழுத்து மட்டும் பார்ப்பது? நாங்கள் விளையாட்டை விளக்கினோம். ஆயுளில் அவர் இப்படி ஒரு புகார் எழுதியிருக்க மாட்டார்.

மெடிக்கல்தான் முதலில் சொன்னாள். TN 72, எழுத்து AV. கறுப்பு வண்டி.

ஏட்டையா என்னைப் பார்த்தார். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. "மேடம் படிச்சவங்க. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இதை இதற்குமுன் நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. முன்னால் நடந்துபோன அந்த இரண்டு பேரின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்திருந்தது.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு எழுத்து வார்த்தைகூட இல்லை, தலையை ஆட்டினால் போதும். ஆனால் அவள் சொன்னது சரி என்று ஒரு காகிதத்தில் ஏறப்போகிறது, இசக்கி அவள் தோளில் சாய்ந்திருக்கிறாள். என் வாய் தானாகத் திறந்தது. AV இல்லை, AY என்றேன். சொன்னதோடு விடவில்லை. எங்களுக்கு எழுத்தைக் கண்டால் சொல் தோன்றிவிடும் சார், எனக்கு ஆனிவர்சரி என்று தோன்றியது, அதனால் Y-தான், சந்தேகமில்லை என்று சாட்சியும் ஜோடித்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இசக்கி பிடித்திருந்த தன் கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். டக் என்று மூடி திறந்தது. ஒரு மடக்கு குடித்தாள்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். நான் அவ்வளவு தெளிவாப் பாக்கல" என்றாள்.

ஏட்டையா AY என்று எழுதிக்கொண்டார்.

நாலைந்து மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வேறொரு வழக்கில் ஆள் பிடிபட்டிருந்தான். வண்டியை அடையாளம் காட்ட மூன்று பேரும் போனோம். பின்பக்கம் வேப்பமரத்தடியில் பிடிபட்ட வண்டிகளோடு அதுவும் தூசி படிந்து நின்றது. TN 72 AV. செயினை எங்கள் புகாருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் விற்றிருக்கிறான், அது உடனே உருகிவிட்டது. AV என்று தேடியிருந்தால் அந்த மூன்று வாரத்துக்குள் இவனைத் தொட்டிருப்போம் என்று ஏட்டையா அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

நான் பதில் சொல்வதற்குள் மெடிக்கல் குனிந்து அந்தப் பிளேட்டைப் பார்த்தாள். "இப்பமே பாருங்க சார், தூசியில V-யும் Y மாதிரித்தான் தெரியுது" என்றாள். பிறகு இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னைக்கு அழுத்திச் சொல்லியிருக்கணும்கா. எம்மேலதான் தப்பு" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அது V மாதிரித்தான் தெரிந்தது. எந்தத் தூசியிலும் அது V-தான். அங்கேயும் எனக்கு ஓர் எழுத்து விட்டுக்கொடுத்தாள். அந்த நிமிஷம் போல வேறு எந்த நிமிஷத்திலும் நான் அவளை வெறுத்ததில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் கோபத்தில் நாலு வார்த்தை கத்தி, அழுது, காலில் விழுந்து, எப்படியோ கழுவிக்கொண்டிருப்பேன். அவள் அதற்கும் வழி வைக்கவில்லை.

மறுநாள் ரயிலில், ஸ்ரீவைகுண்டம் வருவதற்கு முன்னால், இசக்கி என்னிடம் கேட்டாள். முகத்தைப் பார்க்காமல், வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கு நீ வண்டியப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை. எனக்கு இடம் பிடித்து வைப்பதும் நிற்கவில்லை. ஆனால் அந்தச் 'சரி'க்குப் பிறகு என்னால் அந்தப் பெட்டியில் உட்கார முடியவில்லை. ஒரு மாதத்தில் ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன். பாளையங்கோட்டைக்குப் போக முப்பது கிலோமீட்டருக்கு மேல், வரவும் அதே தூரம். ரயிலில் சும்மா போகாமல் இது என்ன வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்டார்கள். காலேஜில் நேரம் மாறிவிட்டது என்று சொன்னேன். நாலு வருடமாக முதுகுக்குத் தைலம் தேய்க்கிறேன். ரயில் வருகிற நேரத்தில் கேட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தினமும் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுவேன்.

இதற்கிடையில் மெடிக்கல் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலையாம். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. உறையில் டீச்சர் என்று எழுதியிருந்தது. நான் போகவில்லை. அவள் ஊரைவிட்டுப் போனதும் இசக்கி எனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை. தெருவில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான்.

போன வாரம் கிளம்பத் தாமதமாகிவிட்டது. செய்துங்கநல்லூர் கேட்டுக்கு வந்தபோது கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியில் மூக்கை முட்டிக்கொண்டு முதல் வண்டியாக நான்தான் நின்றேன். ரயில் வந்தது. மூன்றாவது பெட்டியில் சன்னலோரம் இசக்கி தனியாக உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கம் விடுமா, நேரே பிளேட்டைப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள், அதற்குள் ரயில் போய்விட்டது.

என் வண்டி எழுத்து BX. வாங்கின நாளிலிருந்து அதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். வேறு யாருக்காகத் தேடுகிறேன் என்று கேட்காதீர்கள்.

அந்த வழியில் இரண்டு ரயில் வரவேண்டியிருந்ததால் கேட் திறக்கவில்லை. போன் அதிர்ந்தது. இசக்கியிடமிருந்து செய்தி, நாலு வருடத்துக்குப் பிறகு. தினமும் காலையில் கிடைக்கிற எழுத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்புவாளாம், மெடிக்கல் அங்கிருந்து சொல் அனுப்புவாளாம். இன்றைக்கு உன் வண்டிதான், நீயும் சொல்லு என்று எழுதியிருந்தாள். நான் மேட்ச்பாக்ஸ் என்று அனுப்பினேன். நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நீளமான சொல் அதுதான், தீப்பெட்டி.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அவள் எழுதியதை இசக்கி அப்படியே அனுப்பியிருந்தாள். "எனக்கு மெயில்பாக்ஸ்தான் கிடைச்சுதுக்கா. டீச்சர் ஜெயிச்சிட்டாவன்னு சொல்லுங்க."

விரல் விட்டு எண்ணினேன். என்னுடையது எட்டு. அவளுடையது ஏழு.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரர் இறங்கி நின்று சோம்பல் முறித்தார். எனக்கு என்ன தோன்றியதோ, இசக்கிக்கு எழுதினேன். அன்னைக்கு நான் வண்டியப் பாக்கவே இல்லட்டி. எழுதி, யோசிப்பதற்குள் அனுப்பியும் விட்டேன். இரண்டாவது ரயில் தடதடவென்று வந்து போனது. அது போய் முடிந்தபோது பதில் வந்திருந்தது.

"தெரியும்ட்டி. வண்டிய அடையாளம் காட்டிட்டு வந்தோம்லா, அன்னைக்கே அவ சொல்லிட்டா. டீச்சர் வண்டியப் பாக்கல, நம்ம கையத்தான் பாத்துக்கிட்டு வந்தாவ, அவியளாச் சொல்லுத வரைக்கும் கேக்காதியக்கான்னா. எனக்குத்தான் பொறுக்கல, ஒருதரம் கேட்டேன்."

கேட் திறந்துவிட்டது. முதலில் நின்ற வண்டி நகராததால் பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அந்தப் பச்சை மூடிச் சத்தம்தான் கேட்டது. அன்றைக்கு போலீஸ் ஸ்டேஷனில் அவள் எதற்குத் தண்ணீர் குடித்தாள் என்று இப்போதுதான் விளங்கியது. நான் இத்தனை வருடம் மூடி மறைத்ததை அவள் ஒரு மடக்குத் தண்ணீரில் கண்டுபிடித்துவிட்டு, வழக்கம்போல், முதலில் நான் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.